ஆன்ஸ் அம்மா கேட்ட ஆந்தை

விடிவதற்கு முன்பே எழுந்து பழகியவன் நான், ஐயா. அதனால் காலை ஏழு மணிக்குப் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொன்னது எனக்குச் சிரமமாக இல்லை. எலுமிச்சைத் துண்டு போட்டுத் தேநீரும் கொடுத்தீர்கள், நன்றி. வாயால் சொன்னால் முன்னுக்குப் பின் முரணாகிவிடும், எழுதித் தருகிறேன் என்றேன். அதற்கும் சம்மதித்தீர்கள். என் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அனடோல். ஊரில் தோலெக் என்பார்கள். நம் எல்லையோரத்துப் பியாவொவியெஜா காட்டுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போவது என் தொழில். காட்டின் உட்பகுதிக்குள் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் யாரும் காலெடுத்து வைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த உரிமம் என்னிடம் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. இத்தனை வருஷத்தில் இல்லாத பறவையை இருக்கிறது என்று நான் காட்டியதில்லை. மற்ற கைடுகள் காட்டுவார்கள். இலை அசைந்தால் போதும், "அதோ, பார்த்தீங்களா, போயிடுச்சு" என்பார்கள். வந்தவர்களும் பார்த்துவிட்டதாக நம்பிச் சந்தோஷமாக ஊருக்குப் போவார்கள். எனக்கு அது பிடிக்காது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், இவன் பொய்யன் என்ற எண்ணத்தோடு நீங்கள் மேலே படிக்கக் கூடாது.

உட்பகுதியில் ஒரே சட்டம்தான். எதையும் தொடக் கூடாது. நிற்கிற மரம் நிற்கட்டும், செத்த மரம் செத்தபடி நிற்கட்டும், விழுந்தது விழுந்த இடத்திலேயே மக்கட்டும். பாதையின் குறுக்கே ஓக் மரம் விழுந்தால் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் அறுத்து வழி விடுவோம். ஒரு காளானைப் பறித்தாலும் உரிமம் போய்விடும். எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் மரியாதை உண்டு. என் குழுவில் ஒருவர் பிசின் கட்டியைச் சட்டைப் பையில் போட்டார் என்பதற்காக அவரைத் திரும்ப நடக்க வைத்து, எடுத்த இடத்திலேயே வைக்கச் செய்திருக்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது மூவிரல் மரங்கொத்தியைத்தான். செத்துக்கொண்டிருக்கிற ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தில், பட்டைக்கு அடியில் இருக்கிற வண்டுப் புழுவைத் தின்ன வரும். முன்பெல்லாம் பாதையோரத்திலேயே கிடைத்தது. பிறகு அந்த மரங்கள் பட்டை உதிர்ந்து வெள்ளை எலும்பாகிவிட்டன. புழு இல்லை, பறவையும் உள்ளே போய்விட்டது. பாதையை விட்டு இறங்கவும் அனுமதி இல்லை. ஒரு வசந்தத்தில் ஒரு கிழவர் வந்தார். நோய் முற்றியவர், இதுதான் கடைசிப் பயணம் என்றார். முழு நாளும் கால் கடுக்க நின்றார். பறவை வரவில்லை. "பரவாயில்லப்பா, உன் மேல தப்பில்ல" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு பல நாள் என் தோளிலேயே இருந்தது.

அதற்குப் பிறகுதான் செய்தேன். ஸ்ப்ரூஸின் அடியில் ஒரு கை அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் கோடாலியால் செதுக்கி எடுத்துவிட்டால் போதும். மரம் உடனே சாகாது. கொஞ்சம் கொஞ்சமாக வாடும். பட்டை வண்டு மோப்பம் பிடித்து வரும். வண்டு வந்தால் பின்னாலேயே மரங்கொத்தி வரும். பெரிய ஓக்கைத் தாண்டி, பாதையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கொஞ்சம் சாய்வாக நின்ற ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தேன். செதுக்கிய இடத்தைப் பாசி வைத்து மூடினேன். ஊரில் எல்லோரும், "தோலெக்கோட போனா மரங்கொத்தி நிச்சயம்" என்று பேச ஆரம்பித்தார்கள். நான் காட்டிய பறவை ஒவ்வொன்றும் உண்மையான பறவை, ஐயா. அதில் பொய் இல்லை. அது வந்து உட்கார்ந்த மரத்தைக் கொன்றவன் நான், அவ்வளவுதான்.

இப்போது பஸிலைப் பற்றி எழுத வேண்டும். தள்ளிப்போடப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

பஸில் அந்த உட்பகுதியின் காவலர். நானும் அவனும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். என் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது ஞானத் தகப்பனாக நின்றவன் அவன்தான். சிறு வயதில் உறைந்த குளத்தில் சறுக்கி விழுந்து அவன் முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. தள்ளிவிட்டது நான்தான் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான், நானும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காட்டில் கத்திப் பேசக் கூடாது என்பதால், இரண்டு பேரும் குட்டி ஆந்தை மாதிரி விசிலடித்துத்தான் பேசிக்கொள்வோம். கைமுட்டி அளவுதான் இருக்கும் அந்த ஆந்தை, ஆனால் கூவினால் ரொம்ப தூரம் கேட்கும். மூன்று முறை கூவினால் 'நீ வேண்டும், வா' என்று அர்த்தம். ஒரே ஒரு நீண்ட கூவல் அதற்குப் பதில். 'கேட்டது, இருக்கிற இடத்திலேயே இரு, வருகிறேன்' என்று அர்த்தம். பதில் வந்துவிட்டால் கூப்பிட்டவன் அசையக் கூடாது. காட்டில் இரண்டு பேருமே நடந்தால் ஒருவரை ஒருவர் தவறவிட்டுவிடுவார்கள். இதைச் சின்ன வயதிலேயே அடிபட்டுக் கற்றுக்கொண்டோம். பஸில் கூவும்போது உடைந்த பல் வழியாகக் கொஞ்சம் காற்று போகும். அவன் மனைவி ரயிசா அடுப்படியில் நின்றுகொண்டே, வேலிக்கு வெளியே விசிலடிப்பது நானா, தோட்டத்திலிருந்து பதில் சொல்வது அவனா என்று சொல்லிவிடுவாள்.

போன வருஷம் ஏப்ரலில் ஒரு சாயங்காலம், நான் விறகு பிளந்துகொண்டிருந்தபோது பஸில் வந்தான்.

"தோலெக், ஒண்ணு கேட்பேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுடா. கோவம் வந்தா அந்த மிச்சப் பல்லையும் உடைச்சு விட்டுடறேன்."

"அப்ப மொதப் பல்ல உடைச்சது நீதான்னு ஒத்துக்கிட்டே" என்று சிரித்தான். பிறகு கோடாலியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஓக்கைத் தாண்டி ஒரு சாய்ஞ்ச ஸ்ப்ரூஸ் இருக்கில்ல, உன் ஆளுங்க எல்லாம் கழுத்து சுளுக்க நிப்பாங்களே, அது. காத்துல அடியில இருந்த பாசி உதிர்ந்திருக்கு. பாதையில இருந்தே தெரியுது. சுத்தி வெட்டியிருக்கு."

"வண்டு அரிச்சிருக்கும்."

"எந்த வண்டுடா கோடாலி வெச்சிருக்கு?"

அவன் ஒரு விறகுத் துண்டை எடுத்து அடுக்கில் வைத்தான்.

"நாளைக்குக் காலையில போய்க் கிட்ட இருந்து பார்க்கப் போறேன். பார்த்தா எழுதித்தான் ஆகணும், என் வேலை அது. ஆனா அதுக்கு முன்னாடி, பண்ணின ஆளு தானா வந்து எங்கிட்ட சொல்லிட்டான்னு வெச்சுக்கோ, ரெண்டு பேரும் உக்காந்து ஒரு வழி யோசிக்கலாம். புரியுதா?"

"புரியுது" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் நின்றான். நான் அடுத்த கட்டையை எடுத்து வைத்துப் பிளந்தேன். "சரி, ரயிசா தேடுவா" என்று போய்விட்டான். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் கோபித்திருப்பான், திட்டியிருப்பான், பிறகு என்னைக் காப்பாற்ற ஒரு வழியும் கண்டுபிடித்திருப்பான். அவன் குணம் அது. எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை ஆறு டச்சுக்காரர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனேன். அதில் ஆன்ஸ் என்று ஒரு அம்மா. ஓய்வு பெற்ற பல் மருத்துவர். கணவர் இறந்த பிறகு பறவை பார்க்க ஆரம்பித்தவர். எதைக் காட்டினாலும் குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொள்வார். குட்டி ஆந்தையை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. பஸில் நாளைக்குப் பார்க்கிறேன் என்றது மனதில் இருந்ததால், ஓக் பக்கம் போகாமல் குழுவைக் கிழக்குக் கிளைப்பாதையில் திருப்பினேன்.

நாங்கள் உள்ளே போனபோது காற்று இல்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்தது. மரங்களின் தலை ஆடியது. அப்போது ஓக் இருக்கிற திசையில் ஒரு முறிவுச் சத்தம் கேட்டது, அதன் பின்னாலேயே ஏதோ பெரிதாக விழுகிற சத்தம். காலடி மண் லேசாக அதிர்ந்தது. டச்சுக்காரர்கள் பயந்துவிட்டார்கள்.

"பயப்படாதீங்க. இந்தக் காட்டுல மரம் விழறது சகஜம். பறவைக்கு அது நல்லதுதான்" என்றேன். அதுவும் உண்மைதான்.

விழுந்தது எந்த மரம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் பழகிய காட்டில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது சொல்லிவிடும். பாதி செத்த மரம், வேர் ஆழமில்லாத ஜாதி, ஏற்கனவே சாய்ந்தது. ஒருவன் அடியில் குனிந்து பாசியை விலக்கிக்கொண்டிருந்தால் மேலே பார்த்திருக்க மாட்டான்.

பிறகு அந்தக் கூவல் வந்தது. மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

ஆன்ஸ் அம்மா என் கையைப் பிடித்தார். "அனடோல், அது குட்டி ஆந்தைதானே?"

நானாக எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்தான் சொன்னார். நான் ஆமாம் என்றேன்.

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பையிலிருந்து ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து உயர்த்திப் பிடித்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். கூவல் மறுபடி மறுபடி வந்தது.

"மூணு மூணா கூவுதே? நான் கேட்ட பதிவுல எல்லாம் நிறுத்தாம கூவும்" என்றார் மெதுவாக.

"இளசு. இன்னும் பழகல."

"அதோட, பாருங்க, கடைசியில காத்து போகுது" என்று அவர் சிரித்தார். "இந்த ஆந்தைக்கு முன்பல் உடைஞ்சிருக்கு. எங்கிட்ட கூட்டிட்டு வாங்க, சரி பண்ணித் தரேன்." எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் போயிருக்கலாம். பக்கம்தான், ஒரு சிகரெட் தீர்வதற்குள் போய்விடலாம். ஆனால் குழுவை உட்பகுதியில் தனியாக விட்டுவிட்டுக் கைடு போகக் கூடாது என்பது விதி. குழுவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தால், ஆளுக்கொரு கேமராவோடு ஆறு பேர், விழுந்த மரத்தின் அடியில் இருக்கிற வெட்டைப் பார்த்திருப்பார்கள். இவர்களை வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாக வருவோம் என்று முடிவு செய்தேன். நியாயமான முடிவு என்றுதான் அப்போது தோன்றியது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வரவழைக்க முடியுமா? ஒரே ஒரு தடவை கண்ணால பார்த்துட்டேன்னா போதும்" என்று ஆன்ஸ் அம்மா கெஞ்சினார். அவர் திருப்திக்கு ஒரு கைடு என்ன செய்வானோ அதைச் செய்தேன். ஆந்தை வரவில்லை. ஆனால் கூவலும் நின்றுவிட்டது. "ஐயோ, பயமுறுத்திட்டோம் போல" என்றார் அவர். நாங்கள் நடந்தோம்.

மதியச் சாப்பாடு ரயிசாவின் வீட்டில்தான். அவள் மேல்மாடியில் அறைகள் வாடகைக்கு விடுகிறாள், என் குழுக்கள் எப்போதும் அங்கேதான் தங்கும். உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட அடையும் காளான் குழம்பும் வைத்திருந்தாள். ஆன்ஸ் அம்மா உள்ளே நுழைந்ததுமே ஆந்தைக் கதையை ஆரம்பித்துவிட்டார். ரயிசாவுக்குப் பாதி புரியவில்லை. நான்தான் மொழிபெயர்த்தேன்.

"அது என்ன பெரிய ஆந்தை" என்றாள் ரயிசா. "என் வீட்டுக்காரர் கூவினா ஆந்தையே ஏமாந்துடும். சாயங்காலம் வரட்டும், கூவச் சொல்றேன்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்கண்ணே."

அதையும் மொழிபெயர்த்தேன். ஆன்ஸ் அம்மா கை தட்டினார். ரயிசா எனக்கு இரண்டாவது அடையை வைத்தாள். சாப்பிட்டேன். அவள் கையால் வைத்ததை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள்.

பிறகு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். போகத்தான் கிளம்பினேன். வாசல் வரைக்கும் போனேன். அப்போது ஒன்று தோன்றியது. இப்போது போய் நின்றால், காலையிலிருந்து எங்கே இருந்தாய் என்று அவன் கேட்பான். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஐயா. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் தாமதமாகப் போக எனக்குக் கூச்சம். தாமதம் ஆக ஆகக் கூச்சமும் கூடிக்கொண்டே போனது. கடைசியில் போகவே முடியாத அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

இருட்டுகிற நேரத்தில் ரயிசா வந்தாள். போர்வையைத் தலையோடு போர்த்தியிருந்தாள்.

"அண்ணே, இவர் இன்னும் வரல. சைக்கிள் காட்டு கேட் கிட்டயே நிக்குது. போன் அதோட பையில கிடக்கு."

அது பஸிலின் வழக்கம்தான். உள்ளே போனால் எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டின் போன் கோபுரம்தான் பிடிக்கும், காசு போகும் என்று போனை எடுத்துப் போகவே மாட்டான்.

"எங்க போறேன்னு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"சதுப்புப் பக்கம் போறதா சொன்னான்" என்றேன். "ஆல்டர் மரத்துல கொக்குக் கூடு பார்க்கணும்னான்."

அதனால் அன்றிரவு தேடப் போனவர்கள் எல்லோரும் சதுப்பில் தேடினார்கள். நானும் தேடினேன். எல்லோரையும்விட உரக்க அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன் என்று பிறகு ஊரில் சொன்னார்கள். விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் ஓரம் உறைந்து கண்ணாடியாக நின்றது. அந்த மாதத்தில் அப்படி ஒரு குளிர் அபூர்வம். மற்றவர்களோடு சேர்ந்து நான் பிரார்த்தனைகூடச் செய்தேன். எதைக் கேட்டுப் பிரார்த்தித்தேன் என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று எழுதுகிறேன், நீங்கள் நம்ப வேண்டாம்.

மறுநாள் இன்னொரு காவலர் அவனைக் கண்டுபிடித்தார். நான் எதிர்பார்த்த மாதிரி அவன் மரத்தின் அடியில் நசுங்கிக் கிடக்கவில்லை. ஒரு கிளை காலில் விழுந்திருந்தது. காலை உருவி எடுத்துவிட்டான். சட்டையைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டியிருந்தான். விழுந்த மரத்தின் மேல் முதுகைச் சாய்த்து, பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கட்டு நன்றாகத்தான் போட்டிருக்கிறார், தவழ்ந்தாவது பாதைக்கு வந்திருக்கலாம், கிளைப்பாதை பிரிகிற இடம் வரை வந்திருந்தால் மதியம் போன குழுக்கள் பார்த்திருக்கும், ஏன் நகராமலே இருந்தார் என்று தெரியவில்லை என்றார் மருத்துவர். மயங்கியிருப்பான் என்று ஊரே முடிவு கட்டியது. குளிர் மீதியைப் பார்த்துக்கொண்டது.

மரத்தை யாரும் பார்க்கவில்லை. அத்தனை பேர் சுற்றி நின்றார்கள், ஒருவர்கூட அடிமரத்தைக் குனிந்து பார்க்கவில்லை. வெட்டு அங்கேயே இருந்தது, பட்டப்பகலில், ஒரு கை அகலத்துக்கு. செத்த மனிதன் எதிரில் இருக்கும்போது மரத்தை யார் பார்ப்பார்கள்? நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. காலையிலேயே ஆறு டச்சுக்காரர்களோடு நான் போயிருந்தாலும் அவர்களும் அவனைத்தான் பார்த்திருப்பார்கள். மரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த நினைப்பு என்னைத் தின்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். ஆனால் அது பாதிதான். குறுகுறுப்போடு சேர்ந்து பசியும் எடுக்கும், தூக்கமும் வரும், காலையில் எழுந்து வேலைக்கும் போக முடியும். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அந்தச் சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் நானும் ஒருவன். அந்த வருஷம் முழுக்க விழுந்த மரத்தில் வண்டு மொய்த்தது. கோடை முழுவதும் என் குழுக்கள் எல்லாம் மூவிரல் மரங்கொத்தியைப் பார்த்தன, பாதையிலிருந்தே, தெளிவாக. நான் காட்டினேன். அதற்குப் பிறகு நான் விசில் மட்டும் அடிப்பதில்லை. பல் வலி என்று சொல்லிவிடுவேன்.

இந்த வசந்தத்தில் ஈஸ்டர் முடிந்து, கல்லறைக்குச் சாப்பாடு எடுத்துப் போகிற நாளில், எல்லோரையும் போல நானும் போனேன். ரயிசா பஸிலின் கல்லறை மேட்டின் மேல் துணி விரித்து, சாயம் பூசிய முட்டையும் ரொட்டியும் வைத்து, ஒரு கிண்ணம் வோட்கா ஊற்றினாள். "உக்காருங்கண்ணே, நீங்க இல்லாம அவர் சாப்பிட மாட்டார்" என்றாள். முட்டையை உரித்து என் கையில் கொடுத்தாள். விழுங்கினேன்.

அடுத்த வாரம் ஆன்ஸ் அம்மா மறுபடி வந்தார், இந்த முறை தனியாக. போன வருஷம் பஸில் கிடைப்பதற்கு முன்பே அவர்கள் குழு ஊருக்குக் கிளம்பிவிட்டது. பிறகு நான்தான் அவருக்குச் செய்தி எழுதினேன். வந்ததும் ரயிசாவைக் கட்டிப்பிடித்து அழுதார். மதியச் சாப்பாட்டு மேஜையில் ஒரு சின்ன ஒலிபெருக்கியை எடுத்து வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் இந்த ஆந்தை மாதிரியே கூவுவார்னு சொன்னீங்கல்ல? அவர் கூவிக் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கல. இதையாவது நீங்க கேளுங்க. அவர் ஞாபகமா வெச்சுக்கோங்க."

நல்ல மனசு. உலகத்தில் வேறு யாரும் இவ்வளவு நல்ல மனசோடு இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்க முடியாது. நான் மொழிபெயர்த்தேன். வேறு எதையாவது மாற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன், ஆனால் அவர் விரல் அதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டது.

மூன்று. இடைவெளி. மூன்று. ஒவ்வொன்றின் கடைசியிலும் பல் வழியே போகிற காற்று. சூப் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்த ரயிசா அப்படியே நின்றாள். பதிவில் டச்சுக்காரர்களின் சிரிப்பு கேட்டது, என் சிரிப்பும் கேட்டது. மறுபடி மூன்று. பிறகு, கருவிக்கு மிக அருகில், ஒரே ஒரு நீண்ட கூவல்.

அதற்குப் பிறகு காற்றுதான்.

"இன்னொரு தடவை போடச் சொல்லுங்கண்ணே" என்றாள் ரயிசா. போட்டார். கேட்டாள். பிறகு ஒரு சொட்டு சிந்தாமல் சூப்பை ஊற்றினாள். ஆன்ஸ் அம்மா சாப்பிட்டு மாடிக்குப் போனார். பிறகு அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.

"முதல்ல கூவினது அவர்."

"ஆமா."

"ரெண்டாவது நீங்க."

"ஆமா."

"அந்த ஒத்தக் கூவலுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்ணே. இந்த ஜன்னல்ல நின்னு எத்தனை வருஷமா கேட்டிருக்கேன்." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவர் மயங்கல. உங்களுக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருந்தார்."

நான் தலையசைத்தேன்.

"நான் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். "இத்தனை வருஷம் அண்ணேன்னு கூப்பிட்ட வாயால அதைச் சொல்ல என்னால முடியாது. நீங்களே போய்ச் சொல்லுங்க."

அதனால்தான் வந்தேன், ஐயா. இப்போது மறைக்க ஒன்றுமில்லை. ஆன்ஸ் அம்மாவின் திருப்திக்காகச் செய்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, அதைத் திருத்திக்கொள்கிறேன். கூவல் நிற்கவில்லை. வேறு குழு அந்தப் பக்கம் வந்தால் கேட்டுவிடும். நான் பதில் கொடுத்தால் பஸில் நிறுத்திவிடுவான், இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்காகத்தான் கூவினேன். மரம் அவன் காலைத்தான் உடைத்தது. அவனைக் கொன்றது நான்.

ஆன்ஸ் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அது குட்டி ஆந்தை இல்லை. அவர் பார்த்த பறவைகளில் அதைச் சேர்க்க வேண்டாம். நான் காட்டிய ஒரே பொய்ப் பறவை அதுதான்.

ரயிசாவிடமும் ஒன்று சொல்ல வேண்டும், அன்றைக்கு எனக்குத் துணிவு வரவில்லை. நீங்கள் சொன்னால் ஒருவேளை கேட்பாள். பஸில் பயந்து சாகவில்லை. கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தும் சாகவில்லை. தோலெக் வந்துகொண்டிருக்கிறான் என்று கடைசி மூச்சு வரைக்கும் நம்பிக்கொண்டுதான் இருந்திருப்பான். அந்த நிம்மதியை அவனுக்குக் கொடுத்தவனும் நான்தான் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.